புதன்கிழமைக் கூட்டம்

5.3.1945, திங்கள்

எழுதக்கூடாது என்பதுதான் விதி. வேலையில் சேர்ந்த அன்று மேஜர் ஹாலம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய விதிகளில் இதுவும் ஒன்று. ஆனால் காலையிலிருந்து மாலைவரை மற்றவர்கள் சொன்னதையே இன்னொரு மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று நாலு வாக்கியமாவது வேண்டும்.

இன்றுமுதல் வாரத்தில் மூன்று நாள் நான் அமெரிக்கர்களுக்கு. மிச்ச நாள் பழையபடி ஆங்கிலேயருக்கு. ஆங்கிலேயரின் உளவுக் கந்தோர் கண்டி மலைச்சரிவில், ஒரு தேயிலைத் துரையின் பழைய பங்களாவில் இருக்கிறது. அமெரிக்கர் முகாம் கீழே ஆற்றங்கரையில், ஓலைக் கொட்டில்களில். இரண்டு பேரும் ஒரே யுத்தத்தில் ஒரே பக்கம். இரண்டு பேரும் ஜப்பானியர் பிடித்து வைத்திருக்கும் மலாயாக் கரைக்குத் திருகோணமலையிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் இரகசியமாக ஆட்களை அனுப்புகிறார்கள். அங்கிருந்து கொண்டுவரப்படுகிறவர்களை விசாரிக்கத் தமிழும் மலாயும் தெரிந்த ஆள் ஆங்கிலேயரிடம் நான் ஒருத்தி. அமெரிக்கரிடம் யாரும் இல்லை. அதனால் இந்த இரவல்.

"கீழே நீங்கள் கேட்பதை எனக்குச் சொல்லலாம். இங்கே கேட்பதைக் கீழே சொல்லக்கூடாது. புரிகிறதா, மிஸ் வேலுப்பிள்ளை?" என்றார் மேஜர்.

பின்னேரம் முகாமில் கேப்டன் ப்ரூவர் கைகுலுக்கி, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, கோப்பி கொடுத்தார். "இங்கே கேட்பது இங்கேயே இருக்கட்டும். மேலே பேசுகிற ஏதாவது உங்கள் வாயில் வந்துவிட்டால், நான் காதைப் பொத்திக்கொள்கிற ஆள் இல்லை" என்று சிரித்தார்.

இருவருக்கும் "யெஸ், சேர்" என்று சொன்னேன்.

7.3.1945, புதன்

புதன்கிழமைதோறும் பங்களாவின் பெரிய அறையில் இரு பக்கத்து அதிகாரிகளும் கூடுகிறார்கள். யார் எங்கே ஆள் இறக்குகிறார்கள், யாருக்கு என்ன செய்தி வந்தது என்று பரிமாறிக்கொண்டு, ஒருவர் காலை மற்றவர் மிதிக்காமல் பார்த்துக்கொள்வதற்கான கூட்டம். மலாயா வரைபடத்தில் ஊர்ப் பெயர்களை வாசித்துச் சொல்ல நான் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இன்று மேஜர், "எங்களிடம் விசேஷமாக ஒன்றும் இல்லை" என்றார். கேப்டன், "எங்களிடமும்" என்றார். பிறகு தேத்தண்ணீரும் கேக்கும். மேஜரின் மேசையில் விசாரணை அறிக்கைகள் ஒரு கட்டு இருந்ததை நான் அறிவேன். அதில் பாதி என் கையெழுத்து.

12.3.1945, திங்கள்

கீழ் முகாமில் இன்று ஒரு தமிழர். பெயர் சவரிமுத்து. மலாயாவின் கிள்ளானில் லோரி ஓட்டியவர். லோரிக்கு எண்ணெய் இல்லாமல் போனதும், உப்பும் அரிசியும் ஏற்றிப்போகும் தொங்கான் படகில் கூலியாகச் சேர்ந்திருக்கிறார். கடலில் வைத்து நீர்மூழ்கிக் கப்பல் தொங்கானை மறித்து, செய்தி தெரிந்தவர் என்று இவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

முப்பது வயது இருக்கும். மெலிந்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது. நான் தமிழில் பேசியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க எந்த ஊரும்மா?"

"பிறந்து வளர்ந்தது தைப்பிங். அப்பா றெயில்வேயில் கிளார்க். அவர் செத்த பிறகு நானும் அம்மாவும் யாழ்ப்பாணம் வந்துவிட்டோம்."

"அப்ப நம்ம ஊருப் புள்ளதான்" என்றார். "சண்டைக்கு முன்னாடியே வந்துட்டீங்களா? நல்ல வேளை."

கேப்டன் கேட்டதெல்லாம் கேட்டேன். பாலங்கள், காவல், அரிசி, சயாமில் றெயில்பாதை போடக் கொண்டுபோன தோட்டத்துச் சனம். கடைசியில் சவரிமுத்து, தன்னைத் திரும்ப அனுப்பினால் வேலை செய்யத் தயார் என்றார். கேப்டன் ஏன் என்று கேட்டார்.

"பொண்டாட்டி அங்க இருக்கா. ஒரு பொட்டப்புள்ள இருக்கு. நான் கடல்ல செத்துட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருப்பாங்க. இவங்க வேலைய செஞ்சா இவங்களே கொண்டு விடுவாங்கள்ல?"

அப்படியே சொன்னேன். கேப்டனுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

13.3.1945

சவுக்காரம் கிடைக்கவில்லை. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா அரைக் கட்டி தந்தார். மழை.

16.3.1945, வெள்ளி

கேப்டன் இன்று சவரிமுத்துவிடம் கேட்டது ஒரே கேள்வி: கரையில் இறங்கியதும் ஒளிந்திருக்க, செய்தி சேர்க்க, நம்பிப் போகக்கூடிய ஆள் யார்?

சவரிமுத்து யோசிக்கவே இல்லை. "சுங்கை மெலாத்தி தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற டிரஸ்ஸர் ஐயா ஒருத்தர் இருக்காரு. யாழ்ப்பாணத்துக்காரரு. எம்புள்ளைக்குக் காய்ச்சல் வந்து கண்ணு சொருகிப் போச்சு. கொய்னா மருந்து எங்கயும் கெடையாது. எங்கயோ ஒளிச்சி வச்சிருந்து குடுத்தாரு. காசு வாங்கல. ஜப்பான்காரன் வந்த புதுசுல ரேடியோவ பூமிக்குள்ள பொதைச்சி வச்சிக் கேட்ட மனுசன்."

"பெயர்?" என்றார் கேப்டன்.

"பரமசாமி."

கேப்டன் எழுத்துக் கூட்டச் சொன்னார். கூட்டிச் சொன்னேன். என் குரல் சாதாரணமாகவே இருந்தது.

பரமசாமி என் அண்ணன், நாங்கள் யாழ்ப்பாணம் வந்தபோது வேலைக்காக அங்கேயே நின்றுவிட்டவர். மூன்று வருஷத்துக்கு மேல் கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்று அம்மா கோயில் கோயிலாகப் போகிறார். நான் சொல்லியிருந்தால், சொந்தக்காரி மொழிபெயர்க்கக்கூடாது என்று என்னை உடனே எடுத்திருப்பார்கள். அதனால்தான் சொல்லவில்லை.

அண்ணன் உயிரோடு இருக்கிறார்.

18.3.1945, ஞாயிறு

அம்மாவுக்கு எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். கடிதமெல்லாம் தணிக்கைக்குப் போகும். கோயிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்தேன். இரண்டு சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். நாள் முழுக்க, வாய்க்குள் ஏதோ பாட்டு.

22.3.1945, வியாழன்

மேல் கந்தோருக்கு ஒரு மலாய் மீனவர் வந்திருக்கிறார். வயதானவர். அவரும் கடலில் பிடிக்கப்பட்டவர்தான், ஆங்கிலேயரின் கப்பலில். ஊர் சுங்கை மெலாத்திக்கு அருகில்.

தை மாதம் தொடங்கி ஜப்பானிய இராணுவப் பொலிஸார் அந்தக் கரையில் ஆள் பிடித்தார்கள் என்றார். காட்டில் இருக்கும் கெரில்லாக்களுக்கு மீன் கொடுத்ததாக அவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். திரும்பி வரவில்லை. யார் காட்டிக்கொடுத்தது என்று மேஜர் கேட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அவர்களோடு மோட்டாரில் வந்ததாகச் சொன்னார் கிழவர். பெயர் தெரியாதாம்.

அவர் சொன்ன மலாய்ச் சொல் 'பாவா'. அதைப் பலவிதமாக எடுக்கலாம். 'அவர்களோடு காணப்பட்டார்' என்று எழுதினேன். அதுதான் பொருத்தம். இராணுவப் பொலிஸ் ஏறு என்றால் யார்தான் மோட்டாரில் ஏறமாட்டார்கள்?

மேஜர் அறிக்கையைப் பார்த்து, ஓரத்தில் 'முக்கியம் குறைவு' என்று குறித்தார்.

23.3.1945

டிரஸ்ஸர் என்றால் ஒருவர்தானா? பக்கத்துத் தோட்டங்களிலும் இருப்பார்கள். கிழவர் பார்வையும் மங்கல். தம்பியைப் பறிகொடுத்தவர் யாரையாவது சொல்லத்தான் செய்வார்.

28.3.1945, புதன்

கூட்டம். மேஜரிடம் விசேஷம் ஒன்றும் இல்லை. கேப்டனிடமும் இல்லை. அமெரிக்கர் தகர ரின்னில் அடைத்த பீச் பழம் கொண்டுவந்திருந்தார்கள். நான் சாப்பிடவில்லை, தலைவலி.

3.4.1945, செவ்வாய்

சவரிமுத்துவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இந்த மாத நடுவில், நிலவு இல்லாத நாளில் கரையில் விடுவார்கள். இறங்கியதும் நேராகச் சுங்கை மெலாத்தி ஆஸ்பத்திரிக்கு நோயாளிபோலப் போகவேண்டும். டிரஸ்ஸரிடம் சொல்லவேண்டிய அடையாளச் சொல்லை இன்று மனப்பாடம் செய்தார். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"டீச்சர்" என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார். வயர்லெஸ் தட்டப் பழகியதில் விரல் வீங்கியிருந்தது. "லோரி ஸ்டீரிங் புடிச்ச கை டீச்சர், இந்தக் குருவி கொத்துற வேலையெல்லாம் வராது" என்றார். ஆனால் நன்றாகத் தட்டுகிறார் என்று அமெரிக்கர் சொல்கிறார்கள்.

போகும்போது கேட்டார்: "டிரஸ்ஸர் ஐயாவுக்கு ஏதாச்சும் எடுத்துட்டுப் போலாமா? கொய்னா குடுப்பாங்களா?"

கேப்டனிடம் கேட்டேன். ஒரு போத்தல் கொடுக்கச் சம்மதித்தார்.

4.4.1945

'பாவா'வுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். தைப்பிங் சந்தையில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கூட்டிக்கொண்டு வருதல்.

கிழவர் சொன்னது: டிரஸ்ஸர்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

5.4.1945, வியாழன்

காலையில் மேஜரின் அறைக்குப் போனேன். மீனவரின் அறிக்கையில் ஒரு சொல்லைத் திருத்தவேண்டும் என்றேன். திருத்திய வாக்கியத்தை வாசித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வேறு செய்தி. ஏன் இன்றைக்கு?"

"யோசித்துப் பார்த்தேன், சேர். நான் எழுதியது சரியில்லை."

"இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?"

"எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் மலாயாவில் நிறையப் பேர் டிரஸ்ஸர்தான், சேர்."

அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பிறகு நான், கீழ் முகாம் அனுப்பப்போகும் ஆள் நேரே போய்ச் சேரும் இடம் அந்த டிரஸ்ஸரின் ஆஸ்பத்திரிதான் என்றேன். கீழே கேட்டதை மேலே சொல்லலாம் என்று அவரே சொல்லியிருக்கிறாரே.

மேஜர் எழுந்து வரைபடத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். "எங்கள் ஆட்கள் அதே வாரம், சற்று வடக்கே இறங்குகிறார்கள்" என்றார், எனக்கல்ல, வரைபடத்துக்குச் சொல்வதுபோல. "கீழே சொன்னால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். அங்கே எங்களுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். யுத்தம் முடிந்ததும் மலாயா யாரிடம் இருக்கவேண்டும் என்பதில் அவர்களுக்கு வேறு எண்ணம். இப்போதைக்கு இருக்கட்டும்."

"அப்படியானால் அந்த ஆள், சேர்?"

"அவர்களுடைய ஆள் அவர்களுடைய பொறுப்பு, மிஸ் வேலுப்பிள்ளை."

அவர் கெட்டவர் அல்ல. என் குடை ஒழுகுவதைப் பார்த்துத் தன் மழைக்கோட்டை ஒருநாள் தந்தவர். ஆனால் தெற்கே சவரிமுத்து பிடிபட்டால் ஜப்பானியரின் கண்ணெல்லாம் அங்கே திரும்பும், வடக்கே இவர்களுக்கு வழி லேசாகும். அதை அவர் நினைத்தாரா தெரியாது. நான் நினைத்தேன்.

7.4.1945

வீட்டுக்காரம்மா புதுவருஷத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார். என் கட்டிலை முன்னறைக்கு மாற்றினார்கள். சாமான் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை.

9.4.1945, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சவரிமுத்து ஆற்றங்கரையில் யானைகள் குளிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போய் நின்றேன்.

"டிரஸ்ஸரிடம் போகவேண்டாம்" என்றேன்.

"ஏன் டீச்சர்?"

"அவர் இப்போது அவர்கள் பக்கம். ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறார்."

முகம் கறுத்துப்போனது. "யாரு சொன்னது? ஐயாவயா சொல்றீங்க? எம்புள்ள உசுரக் குடுத்த மனுசன. யாரோ வேணாதவன் கட்டி விட்ட கத டீச்சர் அது."

"நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்றேன். "அவர் என்னுடைய சொந்த அண்ணன்."

அவர் என்னையே பார்த்தார். "அண்ணன்னு தெரிஞ்சுமா பேரு எழுத்துக் கூட்டிக் குடுத்தீங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை.

"ஓம்."

"கேப்டன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை. மேலே கேட்டதைக் கீழே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்."

"டீச்சர், நான் மட்டும் தப்பிச்சாப் போதுமா? நாளைக்கு வேற ஒருத்தன அதே எடத்துக்கு அனுப்புவாங்க. நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்ச ஒடஞ்ச இங்கிலீசுல நான் சொல்லிருவேன்." பிறகு மெதுவாக, "அண்ணன்ங்கிறத நான் சொல்லமாட்டேன். அது உங்க வீட்டு விசயம்" என்றார்.

நேராகக் கேப்டனின் கொட்டிலுக்குப் போனேன். மீனவரைப் பற்றி, 'பாவா'வைப் பற்றி, மேஜர் இருக்கட்டும் என்றதைப் பற்றி எல்லாம் சொன்னேன். ஒன்றைத் தவிர. கேப்டன் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "அவர்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"வியாழக்கிழமையிலிருந்து."

அதற்கு முந்தின இரண்டு வாரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

11.4.1945, புதன்

கூட்டம். இன்று தேத்தண்ணீர் ஆறிப்போனது.

கேப்டன் உட்காராமலே பேசினார். தன் ஆளைத் தூண்டிலில் புழுவாகக் கோக்கவிருந்தார்களா என்று கேட்டார். மேஜர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பார்க்கவேயில்லை. குரல்கள் உயர்ந்தன. அமெரிக்கர் சென்ற மாதம் ஒரு ஆட்குழுவைச் சொல்லாமல் இறக்கியதை மேஜர் எடுத்துப் போட்டார். அது இரண்டு பக்கமும் மறைத்தவற்றையெல்லாம் மேசைமேல் கொட்டுகிற சண்டையாகிவிட்டது. கொட்டித் தீர்ந்த பிறகு இருவருக்குமே களைப்பு. மேஜர் கதவைத் திறந்து புதிதாகத் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அதன்பிறகு நடந்ததுபோல ஒரு கூட்டத்தை நான் அந்த அறையில் கண்டதில்லை. வரைபடத்தை நடுவில் போட்டு, இது உங்களுக்கு, இது எங்களுக்கு என்று கரையைப் பிரித்தார்கள். அறிக்கைகள் இனி இரு பக்கமும் போகும். சவரிமுத்து இறங்கும் இடத்தைத் தெற்கே மாற்றி, ஆங்கிலேயரின் நம்பிக்கையான ஆள் ஒருவரின் பெயரை மேஜர் கொடுத்தார். கேப்டன் நன்றி சொன்னார். உண்மையான நன்றி.

"அந்த டிரஸ்ஸர்?" என்றார் கேப்டன்.

"காட்டில் இருக்கும் கெரில்லாக்களோடு எங்களுக்கு வயர்லெஸ் தொடர்பு உண்டு. அவர்கள் கவனித்துக்கொள்வார்கள்."

"சம்மதம்."

வாயைத் திறந்திருக்கலாம். நான் ஊர்ப் பெயர்களுக்கு எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

13.4.1945, வெள்ளி

அமெரிக்கர் முகாமில் கொடி பாதிக் கம்பத்தில். அவர்களுடைய ஜனாதிபதி இறந்துபோனார். ஊரில் எல்லோரும் புதுவருஷத்துக்குப் பலகாரம் சுடுகிறார்கள். சவரிமுத்து காலையிலேயே திருகோணமலைக்குப் புறப்பட்டுவிட்டார். ஜீப்பில் ஏறும்போது கைகூப்பி, "வர்றேன் டீச்சர்" என்றார். கொய்னாப் போத்தலை மடியில் வைத்திருந்தார். அதை யாருக்குக் கொடுக்கப்போகிறார் என்று நான் கேட்கவில்லை.

பிறகு மேலே ஏறிப்போனேன். மேஜர் என்னோடு புதன்கிழமையிலிருந்து பேசவில்லை. கதவைத் தட்டி உள்ளே போய், நின்றபடியே சொன்னேன்.

"சேர், அந்த டிரஸ்ஸர் பரமசாமி என்னுடைய அண்ணன்."

அவர் பேனையை வைத்தார்.

"அவர் செய்தது பொய் என்று நான் சொல்லவரவில்லை. உயிரோடு பிடித்து வைக்கச் சொல்லுங்கள். விசாரிக்கச் சொல்லுங்கள். யுத்தம் முடிந்ததும் வழக்குப் போடுங்கள்."

"உட்காருங்கள்" என்றார். நான் உட்காரவில்லை.

"தெரிந்துகொண்டேதான் எனக்கு அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தீர்களா?"

"ஓம், சேர்."

"செய்தி நேற்றே போய்விட்டது."

பிறகு அவர் செய்ததை எழுதவேண்டும். என் முன்னாலேயே இன்னொரு செய்தி எழுதினார். 'முந்தினதை நிறுத்தவும். ஆளை உயிரோடு வைக்கவும்.' தானே வயர்லெஸ் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார். கெரில்லாக்கள் நினைத்த நேரமெல்லாம் காது கொடுக்கமாட்டார்கள், மலைக்கு மலை இடம் மாறிக்கொண்டிருப்பார்கள், எப்போது கேட்பார்கள் என்று சொல்லமுடியாது என்றார்.

"இதை நீங்கள் புதன்கிழமை சொல்லியிருந்தால்" என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

14.4.1945

புதுவருஷம். வீட்டுக்காரம்மா பாற்சோறு தந்தார். சாப்பிட்டேன்.

20.4.1945

ஒன்றும் இல்லை.

23.4.1945, திங்கள்

அமெரிக்கருக்கும் ஆங்கிலேயருக்கும் இப்போது நல்ல ஒட்டு. அறிக்கைகள் தினமும் ஜீப்பில் மேலும் கீழும் போகின்றன. கேப்டன் மேஜருக்கு விஸ்கி அனுப்பினார். இரு பக்கத்துக்கும் ஒரே மொழிபெயர்ப்பை எழுதுகிறேன், வேலை பாதியாகிவிட்டது.

27.4.1945, வெள்ளி

சவரிமுத்து பத்திரமாக இறங்கிவிட்டார். முதல் செய்தி வந்தது. கேப்டன் தொப்பியைத் தூக்கி மேலே எறிந்து பிடித்தார். எனக்கும் அழுகை வந்தது. கேப்டன் அதைச் சந்தோஷம் என்று நினைத்தார். சந்தோஷமும்தான்.

2.5.1945, புதன்

கூட்டம் தொடங்குமுன் இருவரும் சேர்ந்து என்னைத் தனியறைக்குக் கூப்பிட்டார்கள். சேர்ந்து நிற்பதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கேப்டன்தான் நாற்காலி போட்டார். மேஜர்தான் சொன்னார்.

மேஜர் அனுப்பிய முதல் செய்தி கிடைத்த மறுநாளே கெரில்லாக்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். இரண்டாவது செய்தி அதற்குப் பிறகுதான் கிடைத்தது. அண்ணன் ஓடவில்லையாம்.

கேப்டன், "அவர் உங்கள் அண்ணன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நான் சம்மதித்திருக்கமாட்டேன்" என்றார். மேஜர் அப்படி எதுவும் சொல்லவில்லை. என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்து ஊர்ப் பெயர்களை வாசித்தேன்.

5.5.1945, சனி

கேப்டன் தானே வீட்டுக்கு வந்தார். சவரிமுத்துவின் புதிய செய்தி. அரிசி விலை, காவல் மாறிய இடம், பாலத்துக் கதை எல்லாவற்றுக்கும் கடைசியில் எனக்கென்று தனியாகத் தட்டியிருக்கிறார். வயர்லெஸ்ஸில் அப்படிச் சொந்த விஷயம் அனுப்பக்கூடாது. அனுப்புகிற ஒவ்வொரு சொல்லும் பிடிபடும் ஆபத்து.

'டீச்சருக்கு. ஐயா மனைவியைத் தை மாதத்திலிருந்து பொலிஸ் ஸ்டேஷனில் அடைத்து வைத்திருந்தார்கள். ஐயா கொடுத்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாள் பார்க்க விட்டார்கள். இப்போது வெளியே விட்டுவிட்டார்கள். என் மனைவியோடு இருக்கிறார்.'

மச்சாளை நான் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கலியாணத்துக்கு எங்களால் போகமுடியவில்லை.

மீனவக் கிழவரை நினைத்துக்கொண்டேன். அவருடைய தம்பிக்கும் ஒரு மனைவி இருந்திருப்பாள். எனக்கு யாருக்காக முதலில் அழுவது என்று தெரியவில்லை.

8.5.1945, செவ்வாய்

ஐரோப்பாவில் யுத்தம் முடிந்ததாம். தேவாலய மணிகள் அடிக்கின்றன. குளத்தைச் சுற்றிச் சிப்பாய்கள் ஆடுகிறார்கள். மேஜரிடம் லீவு கேட்டேன். எத்தனை நாள் என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டார். "திரும்பி வருவீர்களா?" என்றார். தெரியாது என்றேன்.

12.5.1945, சனி. அளவெட்டி, யாழ்ப்பாணம்

நேற்றுக் காலை றெயில் நிலையத்தில் கோச்சியால் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்கச் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்தேன். உயிரோடு இருப்பதாக ஒரு வருஷத்துக்குச் சொல்லிவைக்கலாம். ஜப்பான்காரன் கொன்றான் என்று சொல்லலாம். அம்மா அதை நம்புவார், ஊரும் நம்பும், அண்ணனுக்குப் பேரும் கெடாது.

அம்மா முற்றத்தில் வேப்பம்பூ காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "என்ன பிள்ளை, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கிறாய்? மெலிஞ்சுபோனாய்" என்றார். தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, குசினி வாசலில் என் எதிரே உட்கார்ந்தார்.

"கொண்ணையப் பற்றி ஏதும் அறிஞ்சனியே?"

"அண்ணை செத்துப்போனார் அம்மா."

"ஆர் சொன்னது?"

"நிச்சயமான செய்தி."

"வருத்தமோ?"

"இல்லை. கொன்றுபோட்டாங்கள்."

"ஆர், ஜப்பான்காரனோ?"

ஓம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அம்மாவின் கண்ணைப் பார்த்த பிறகு அது வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மீனவரை, அவருடைய தம்பியை, மச்சாள் சிறையில் இருந்ததை, அண்ணன் பெயர்களைக் கொடுத்ததை. சொல்லை நான் மாற்றி எழுதியதை. பிறகு திருத்தியதை. புதன்கிழமை வாய் திறக்காமல் இருந்துவிட்டு வெள்ளிக்கிழமை திறந்ததை. இரகசியம் என்று போட்ட கையெழுத்தெல்லாம் நினைவில் இருந்தது. இருந்தும் சொன்னேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. தேத்தண்ணீரில் ஆடை படர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த லோறிக்காரப் பொடியன் தப்பிட்டானோ?" என்றார்.

"ஓம் அம்மா."

"பிள்ளை ஒண்டு இருக்கெண்டு சொன்னனி."

"ஒரு பொம்பிளைப் பிள்ளை. காய்ச்சல் வந்தபோது அண்ணைதான் மருந்து குடுத்துக் காப்பாற்றினவர்."

அதைக் கேட்டதும்தான் அம்மாவின் முகம் உடைந்தது. சத்தம் வரவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, மடங்கி மடங்கி அழுதார். நான் கிட்டப் போனேன். கையை நீட்டித் தடுத்தார். அங்கேயே நின்றேன்.

வெயில் முற்றத்துக்கு வந்தபோது அவர் எழுந்து, வேப்பம்பூவைச் சுளகோடு நிழலில் எடுத்து வைத்தார். கொடியிலிருந்து ஒரு பழைய சேலையை உருவி என் பக்கம் போட்டார்.

"எழும்பு. கிணத்தடிக்கு வா. செய்தி கேட்ட உடனே முழுகவேணும். கொண்ணையின்ர சாவுத் துடக்கு."

கிணற்றடியில் குந்தினேன். நான் வாளியை எடுக்கப் போனபோது அம்மா விடவில்லை. அவரே துலாவை இழுத்தார். முதல் வாளியைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார். இரண்டாவது வாளியை அள்ளி, என் பின்னால் வந்து நின்று, ஒரு கையால் என் கொண்டையை அவிழ்த்துவிட்டு, ஊற்றினார்.